கண்டக்டரும் இன்ஸ்பெக்டரின் கால் பெருவிரலும்

முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் கண்டக்டராகவே இருந்தார். வீட்டுக்கு யாராவது வந்தால் "உள்ள போங்க, உள்ள போங்க, வாசல்ல நிக்காதீங்க" என்பார். மாடிப்படியில் இரண்டு பேர் எதிரெதிரே வந்துவிட்டால் நடுவில் நின்று வழி ஒழுங்கு பண்ணுவார். எஞ்சின் சத்தத்தையும் தாண்டிப் பேசிப் பழகிய தொண்டை அது. ரகசியம் சொன்னால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

இப்படிப்பட்ட மனிதர் தாழ்மையான ஊழியத்துக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் தூக்கம். சபையில் போதகர் பிரசங்கத்தைத் தொடங்கியதும் கண்டக்டருக்குக் கண் சொக்கும். பிரசங்கம் முடிந்து எல்லாரும் பாட்டுக்கு எழும்போது சரியாக விழிப்பு வந்துவிடும். ஒரு ஞாயிறு மட்டும் பிசகிவிட்டது. ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவியதைப் பற்றி உருகி உருகிப் பேசிய போதகர், "நம்ம முதியோர் இல்லத்துல நடக்க முடியாதவங்க இருக்காங்க. கால் கழுவி நகம் வெட்டிவிட ஆளில்ல. யார் போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்தினார். சபை மொத்தமும் தரையைப் பார்த்தது. அந்த அமைதியில் திடுக்கிட்டு விழித்த கண்டக்டர், பாட்டு தொடங்கப் போகிறது என்று நினைத்து விறைப்பாக எழுந்து நின்றார்.

நின்றது அவர் ஒருவர்தான். போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. சபை கைதட்டியது. பக்கத்தில் இருந்த மனைவி மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, "தூங்கித்தானே எழுந்தீங்க?" என்று கேட்டாள்.

"சும்மா இரு. கர்த்தர் எழுப்பிட்டார்" என்றார் கண்டக்டர். அவர் ரகசியமாகச் சொன்னதால் சபை முழுவதுக்கும் கேட்டது. மறுபடி கைதட்டினார்கள்.

சரி, தலையைக் கொடுத்தாயிற்று. செவ்வாயும் சனியும் முதியோர் இல்லத்துக்குப் போனார். ஆண்கள் வார்டில் இந்தச் சுவரோரம் ஏழு கட்டில், அந்தச் சுவரோரம் ஏழு கட்டில், நடுவில் நடைபாதை. வாசலில் நின்று பார்த்ததுமே கண்டக்டருக்கு உடம்பு சிலிர்த்தது. இது பஸ்தான். ஓடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பழைய தோல் பையைத் தேடியெடுத்து, அதில் நகவெட்டியும் பிரஷ்ஷும் பஞ்சும் பவுடர் டப்பாவும் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டார். கழுத்தில் விசில் வேறு. பேசின் தண்ணீரோடு ஒவ்வொரு கட்டிலாக நகர்ந்து, "காலை எறக்குப்பா, எறக்குப்பா, பின்னாடி ஆள் காத்திருக்கு" என்று அதட்டினார். முதலில் பயந்துபோன கிழவர்கள் இரண்டாம் வாரத்திலிருந்து அவர் வரும் நேரத்துக்குக் காலை நீட்டிக்கொண்டு தயாராக இருந்தார்கள். கை அப்படி. வாய்தான் அதட்டுமே தவிர, கை பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் வேலை செய்யும். அது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

ஆனால் தாழ்மையும் கொஞ்சம் தலைக்கேறியது. கடைத்தெருவில் தெரிந்தவர்களைப் பார்த்தால் நிறுத்தி, "இந்த வாரம் எத்தனை கால் தெரியுமா? இருபத்தேழு!" என்பார். பதினாலு பேருக்கு எப்படி இருபத்தேழு என்று கேட்பவர்களுக்கு, ஆறாம் நம்பர் கட்டில்காரருக்கு ஒரு கால்தான் என்பதையும் விளக்குவார்.

இவ்வளவு கால் கழுவியவர் கழுவாத இரண்டு கால்கள் அவர் வீட்டிலேயே, பின்னறையில் இருந்தன. அவை அவருடைய மாமியாருடையவை.

அந்த அம்மாளுக்கு ஊரில் பெயர் வித்தவுட். டிக்கெட் இல்லாமல் பஸ்ஸில் போகிறவரைச் சொல்கிற அதே வித்தவுட்தான். இருபது வருஷத்துக்கு முன் மருமகனின் பஸ்ஸிலேயே டிக்கெட் எடுக்காமல் ஏறி, செக்கிங் இன்ஸ்பெக்டரிடம் மாட்டி, மருமகனுக்கு மூன்று மாசம் சஸ்பென்ஷன் வாங்கிக் கொடுத்த புண்ணியவதி என்று ஊருக்கே தெரியும். சபையில் பாட்டுக் குழுப் பெண்கள்கூட, "வித்தவுட்டம்மா வந்தாச்சா? ஆரம்பிக்கலாம்" என்பார்கள். அந்த அம்மாளும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு எப்போதும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நடந்தது இதுதான். அன்றைக்கு ஏறியவுடன் அந்த அம்மாள் சரியான சில்லறையை நீட்டினார். வாங்காதவர் நம்முடைய கண்டக்டர். முன் சீட்டுக்காரர்கள் காதில் விழும்படி, "என் பஸ்ஸுல என் மாமியாருக்கு டிக்கெட்டா? உள்ள வைங்க அத்தை!" என்று பெருமை அடித்தார். இரண்டாவது நிறுத்தத்தில் இன்ஸ்பெக்டர் ஏறினார். வேலையே போயிருக்கும். அந்த அம்மாள் எழுந்து கும்பிட்டு, "நான் பின்வாசல் வழியா ஏறி ஒளிஞ்சுக்கிட்டேன் சார். மாப்பிள்ளைக்குத் தெரியவே தெரியாது" என்று சொல்லிவிட்டார். கண்டக்டர் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் திறந்தார். மனைவி முன்னால், அக்கம்பக்கம் கேட்க, மாமியாரைக் கண்டபடி பேசினார். அந்த அம்மாள் "ஆமா, என் தப்புதான்" என்றார். நாளைக்கு மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் கண்டக்டர் அன்று படுத்தார். அந்த 'நாளைக்கு' இருபது வருஷமாக வந்துகொண்டே இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினாலாம் நம்பர் கட்டிலுக்குப் புது ஆள் வந்திருந்தார். கண்டக்டர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, நேராகக் காலைத்தான் பார்ப்பார். வலது கால் பெருவிரல் வீங்கிக் கறுத்திருந்தது. முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, "காலை எறக்குப்பா" என்றார். மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"யோவ், வண்டிய ஓரமா நிறுத்து."

கண்டக்டர் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் குரலைக் கனவில்கூட அடையாளம் கண்டுபிடிப்பார். தலை நரைத்து, கன்னம் ஒட்டி, ஆனால் அதே முறைப்போடு செக்கிங் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். பையையும் பேசினையும் விட்டுவிட்டுக் கண்டக்டர் வீட்டுக்கு ஓடினார். ஓடியவர் வயிற்றுவலி என்று போர்த்திப் படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை நர்ஸ் போன் பண்ணினாள். "அண்ணே, அந்த இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குச் சர்க்கரை ஏறிக் கெடக்கு. காலைலயும் சாயங்காலமும் காலைக் கழுவி மருந்து கட்டணும். யாரையும் தொட விட மாட்டேங்குறாரு. நேத்து ஒரு ஒதை விட்டாரு, பேசின் ஜன்னல் வழியா வெளிய போயிடுச்சு. திங்கக்கிழமை டாக்டர் வர்றப்போ புண்ணு ஆறத் தொடங்கலன்னா வெரல எடுத்துடுவாங்களாம். நீங்க வந்தா அதட்டிக் கழுவிடுவீங்க அண்ணே."

"எனக்கு வயித்துவலிம்மா."

"வயித்தாலயா அண்ணே கழுவப் போறீங்க?"

போன் பேச்சு பாதி மட்டும் காதில் விழுந்த மாமியாரின் குரல் பின்னறையிலிருந்து வந்தது. "போயிட்டு வாங்க மாப்பிள்ளை. பாவம், யாரு பெத்த புள்ளையோ." யார் பெற்ற பிள்ளை என்று சொல்ல முடியாமல் தேள் கொட்டிய திருடன்போல் கண்டக்டர் விழித்தார். சபைப் பெண்களோடு வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தானும் இல்லத்துக்குப் பாடப் போவதாக மனைவி சொன்னபோது வயிற்றுவலி நிஜமாகவே வந்தது. இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தால் இருபது வருஷமாகச் சோற்றில் மறைத்து வைத்த முழுப் பூசணிக்காய் வெளியே வந்துவிடும். மனைவி முகத்தில் எப்படி விழிப்பது?

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கே கண்டக்டர் வார்டில் நின்றார். பேரம் பேசலாம் என்ற எண்ணம்.

"சார், நான் காலை நல்லாக் கழுவி விடுறேன். எம் பொண்டாட்டி நாலு மணிக்கு வருவா. நீங்க அந்தப் பழைய விஷயத்தை மட்டும் பேசக் கூடாது."

இன்ஸ்பெக்டர் பேசினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடியில அழுக்கு." கண்டக்டர் தேய்த்துக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டர் துண்டை முகர்ந்து பார்த்தார். "ஈரம் காயல." வேறு துண்டு வந்தது. தண்ணீரில் விரலை விட்டு, "சூடு ஜாஸ்தி" என்றார். அடுத்த தண்ணீர் குளிர்ச்சி ஜாஸ்தி. ஐந்தாம் முறை தண்ணீர் தூக்கி வரும்போது கண்டக்டருக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. இடுப்பில் துண்டு கட்டின ஆண்டவருக்கு இப்படி ஒரு இன்ஸ்பெக்டர் வாய்த்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று ஒரு கணம் யோசித்தார். தன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிற சீடனுக்கும் சேர்த்துத்தான் அவர் கழுவினார் என்பது ஞாபகம் வந்து, வாயை மூடிக்கொண்டு தண்ணீரை வைத்தார்.

"எல்லாம் சரிதான்" என்றார் இன்ஸ்பெக்டர். "கைதான் சரியில்ல. பொய் சொன்ன கை என் காலைத் தொடக்கூடாது."

"நான் எங்க சார் பொய் சொன்னேன்? எங்க மாமியார்தானே..."

"யோவ், எனக்கே கதை விடாதே. ஒளிஞ்சு ஏறுற பொம்பளை கையில சரியான சில்லறைய வச்சுக்கிட்டா உக்காந்திருப்பா? அந்தம்மா என்னைக் கும்பிடறப்போ கைக்குள்ள காசு இருந்துச்சு. வேர்வையில நனைஞ்ச காசு. பாத்துட்டும், பாவம்னு அந்தம்மா சொன்னதையே எழுதினேன். என் சர்வீஸ்ல நான் கையெழுத்துப் போட்ட ஒரே பொய் ரிப்போர்ட் அது. இருபது வருஷமா எனக்கு உறுத்துது. உனக்கு உறுத்தலையா?"

கண்டக்டர் துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். இன்ஸ்பெக்டர் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்தார். "நடந்ததை எழுதிக் குடு. சாட்சி கையெழுத்தோட. அப்புறம் காலைத் தொடு."

"முடியாது சார். வெரலு உங்களது. போனா உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் பையைத் தோளில் மாட்டினார். வாசல்வரை போயும் விட்டார்.

அப்போது ஆறாம் நம்பர் கட்டிலில் இருந்தவர், ஒற்றைக் காலை ஆட்டிக்கொண்டே, "எனக்கும் வெரல்லதான் ஆரம்பிச்சுது கண்டக்டர்" என்றார். அவர் எப்போதும் சிரித்துக்கொண்டே பேசுகிற ஆள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கண்டக்டர் திரும்பி வந்து முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "பேனாவக் குடுங்க."

எழுதுவது லேசாக இல்லை. 'மேற்படி தேதியில் மேற்படி பேருந்தில் மேற்படி பயணி' என்று ஆரம்பித்து, மேற்படிகளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்து, "'தெரியாமல் நடந்துவிட்டது'ன்னு எழுதாதே. 'தெரிந்தே செய்தேன்'" என்று திருத்தினார். 'பயணி' என்பதையும் அடிக்கச் சொன்னார். 'என் மாமியார்' என்று எழுத வைத்தார். ஒன்பது கட்டில்காரர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள், மற்றவர்கள் படுத்தபடி கேட்டார்கள். "டிக்கெட் எடுக்க வந்தவரைத் தடுத்தவன் நானே. பழியை அவர் ஏற்றுக்கொண்டார். நான் ஏற்க விட்டேன்." இந்தக் கடைசி வரியை யாரும் சொல்லித் தரவில்லை.

"சாட்சி யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இதோ நான் இருக்கேனே" என்றார் ஆறாம் நம்பர்.

"நீ அங்க பஸ்ஸுலயும் இல்ல, குடும்பத்துலயும் இல்ல. பொறுப்பான ஆள் வேணும்."

பொறுப்பான ஆள், பாட்டுப் புத்தகத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மணி மூணேமுக்கால்தான். கண்டக்டரின் மனைவி வாழ்க்கையில் எதற்கும் கால் மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுகிற ஜாதி. கண்டக்டர் காகிதத்தைப் பின்னால் மறைக்கப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தானே எழுந்துபோய் அவள் கையில் கொடுத்தார்.

அவள் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். வராந்தாவில் மற்றப் பெண்கள் சுருதி பிடித்துக்கொண்டிருந்தார்கள். வார்டில் ஒரு கட்டில்கூடக் கிறீச்சிடவில்லை.

"எங்கம்மாவ வித்தவுட்டுன்னு நானே கூப்பிட்டிருக்கேங்க" என்றாள். பேனாவை வாங்கிக் காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். இன்ஸ்பெக்டர் அதை நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, காலைப் பேசினுக்குள் இறக்கினார்.

அந்தக் கால் கனமே இல்லாமல் இருந்தது. கண்டக்டர் வாயைத் திறக்காமல் கழுவினார், அதட்டக்கூட இல்லை. "மெதுவா" என்றார் இன்ஸ்பெக்டர் ஒரு தடவை. பிறகு, "முப்பது வருஷம் பஸ் பஸ்ஸா ஏறி எறங்கியிருக்கேன். யாரும் என்னை 'உக்காருங்க'ன்னுகூடச் சொன்னதில்லய்யா" என்றார். நர்ஸ் மருந்து வைத்துக் கட்டும்வரை கண்டக்டர் குதிகாலைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு வரை வேளை தவறாமல் கழுவினார். மூன்று நாளும் மனைவி அவரோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் பேசியது, டங்கென்று. ஒரே ஒரு தடவை, "அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்றாள். கண்டக்டர் பின்னறை வாசல்வரை ஏழெட்டு முறை போய், "அத்தை, மின்விசிறி ஓடுதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினார். மின்விசிறி நன்றாகத்தான் ஓடியது.

திங்கட்கிழமை டாக்டர் வந்து பார்த்து, விரலை எடுக்க வேண்டாம், பிழைத்துவிட்டது என்றார். வார்டே கைதட்டியது. ஆறாம் நம்பர்தான் எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினார். கண்டக்டர் நேராக வீட்டுக்கு வந்து, பேசினில் வெந்நீர் விளாவி, பின்னறைக்குள் நுழைந்து மாமியார் காலடியில் உட்கார்ந்தார்.

அந்த அம்மாள் அலறிவிட்டார். "ஐயையோ, மாப்பிள்ளை எங்காலைத் தொடுறாரு! என்ன ஆச்சு, வீட்டை வித்துட்டீங்களா?" கால் இரண்டையும் புடவைக்குள் இழுத்துக்கொண்டு கட்டில் மூலைக்குப் போய்விட்டார்.

"மொதல்ல வேண்டாம்னு மறுத்த பேதுருவே கடைசில ஆண்டவர்கிட்டக் காலை நீட்டிட்டாரும்மா. நீட்டு" என்றாள் மகள் வாசலிலிருந்து. மூன்று நாளில் அவள் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் இளகியிருந்தது.

ஒரு கால் மட்டும் தயங்கித் தயங்கி வெளியே வந்தது. பாதமெல்லாம் வெடிப்பு. நகங்கள் யாரும் கவனிக்காமல் வளைந்து போயிருந்தன. இருபத்தேழு கால் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டதை நினைத்துக் கண்டக்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அத்தை, இல்லத்துல வெரல் புண்ணோட கெடக்குறது அந்தச் செக்கிங் இன்ஸ்பெக்டர்தான். அவர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். பஸ் விஷயம். உங்க பொண்ணு படிச்சுட்டா."

அந்த அம்மாள் நீட்டிய காலைத் தண்ணீருக்குள் இறக்கினார். பிறகு, "அவரா? அவருக்கு வெரல் பொழச்சுதா?" என்று கேட்டார்.

"பொழச்சுது அத்தை."

"நல்லது. அன்னைக்கு நான் அழுதுக்கிட்டே எறங்கறப்போ, கையப் புடிச்சு எறக்கி விட்டது அவருதான்." அன்றைக்குத் தான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று கண்டக்டருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதோட விட்டுடுங்க மாப்பிள்ளை" என்றார் அந்த அம்மாள், குரலைத் தாழ்த்தி. "வெளிய யாருக்கும் சொல்ல வேண்டாம். எனக்கு அந்தப் பேரு பழகிப் போச்சு. உங்க பேரு கெட்டா, அந்த வயசானவங்க அப்புறம் யாருகிட்டக் காலை நீட்டுவாங்க?"

இருபது வருஷம் சுமந்தது போதாது என்று மிச்சத்தையும் சுமக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் ஈரக் கையோடு எழுந்துபோய்த் தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்து, எஞ்சின் சத்தத்தைத் தாண்டுகிற அந்தக் குரலில், "எல்லாரும் கேட்டுக்குங்க! எங்க மாமியார் டிக்கெட்டுக்குக் காசு நீட்டினாங்க! வாங்காதவன் நான்! பொய் சொன்னவனும் நான்!" என்று கத்தினார்.

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பாட்டுக் குழுப் பெண் கையிலிருந்த போர்வை நழுவித் தெருவில் விழுந்தது. ஒரு சைக்கிள்காரர் பிரேக் போட்டு நின்று அண்ணாந்து பார்த்தார். "சந்தேகம் இருந்தா உள்ள வந்து கேக்கலாம்!" என்று அவருக்கும் சேர்த்துச் சொன்னார் கண்டக்டர்.

"ஐயோ, தெருவே கேக்குது மாப்பிள்ளை!"

"கேக்கட்டும் அத்தை" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். அழுகை வந்ததால் நகவெட்டி கையில் நிற்கவில்லை. மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அதை வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அம்மாள் ஜன்னலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பேசினுக்கு முன்னால் குனிந்திருந்த மருமகனின் வழுக்கைத் தலையைப் பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலே, இன்னொரு காலையும் நீட்டினார்.